வீல்சேரே வேண்டாமென்று அடம்பிடித்த சிறுவன்... வீல்சேர் ரக்பியில் உலக நாயகன் ஆன கதை!

ஆஸ்திரேலியாவின் போர்ட் மெக்குவாரி என்ற கடலோர ஊரில், 12 வயது வரை ஸ்கேட்போர்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். பிறக்கும்போதே இரண்டு கால்களும் இல்லை. ஒட்டியிருந்த கைவிரல்களை அறுவைசிகிச்சை செய்துதான் பிரித்தார்கள். ஆனாலும் வீல்சேர் என்றாலே ஆகாது. அதில் உட்கார்ந்துவிட்டால், தனக்குக் குறை இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடுமே!

அவர்தான் ரைலி பேட்.

ஒருநாள் பள்ளிக்கு வீல்சேர் ரக்பியை அறிமுகப்படுத்த வந்தார்கள். ரைலி ஒதுங்கி நின்றுவிட்டார். ஆனால், கை கால் நன்றாக இருக்கும் நண்பர்களே வீல்சேரில் ஏறி ஒருவரையொருவர் மோதிக் கும்மாளமிடுவதைப் பார்த்தபோது மனசு மாறியது. அடுத்த வாய்ப்பில் அவரும் ஏறினார்.

1977-ல் கனடாவில் பிறந்த இந்த விளையாட்டுக்கு, முதலில் வைத்த பெயரே 'மர்டர்பால்'. கூடைப்பந்து ஆடுகளத்தில் அணிக்கு 4 பேர். பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் கோல். வீல்சேரோடு வீல்சேர் மோதலாம். டமார் டமார் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்!

2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் களமிறங்கியபோது ரைலிக்கு வயது 15. 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. 2012 லண்டன் இறுதிப்போட்டியில் கனடாவை 66-51 என வீழ்த்தித் தங்கம். அந்த 66-ல் 37 கோல்கள் ரைலி அடித்தவை.

ஆனால், இதை ஒற்றை ஆளின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. உடல் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொரு வீரருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி தருவார்கள். களத்தில் நிற்கும் நால்வரின் கூட்டுத்தொகை பொதுவாக 8-ஐத் தாண்டக் கூடாது. ரைலிக்கு 3.5. சக வீரர் கிறிஸ் பாண்டுக்கும் 3.5. இருவரும் சேர்ந்து ஆடினால், மற்ற இருவருக்கு மிஞ்சுவது ஆளுக்கு 0.5தான். கைகளில்கூட முழு பலம் இல்லாத அந்த இருவர், எதிரணியின் வீல்சேர்களை மறித்து நின்றால்தான் ரைலிக்கு வழி கிடைக்கும். கோல் கணக்கில் அவர்கள் பெயர் அதிகம் வராது.

ரைலியின் வாழ்க்கையில் ஒரே ஒரு கோல் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 2016 ரியோ இறுதிப்போட்டி இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போய், அமெரிக்காவை 59-58 என வென்றது ஆஸ்திரேலியா. இரண்டே ஆண்டுகளில், சொந்த நாட்டின் சிட்னியில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் ஜப்பானிடம் 61-62 எனத் தோல்வி!

2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக் தொடக்க விழாவில், டேனியலா டி டோரோவுடன் சேர்ந்து ஆஸ்திரேலியக் கொடியை ஏந்திவந்தார் ரைலி. ஒருகாலத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய அதே வீல்சேரில். ஆனால் பதக்கம் கிடைக்கவில்லை, நான்காம் இடம்தான்.

2024 பாரிஸ் அரையிறுதியிலும் ஜப்பான்தான் எதிரே. கூடுதல் நேரம் வரை போய் 51-52. மறுபடியும் அதே ஒரு கோல்! ஆனால், அடுத்த ஆட்டத்தில் பிரிட்டனை 50-48 என வென்று வெண்கலம் வாங்கியது அணி. ரைலிக்கு அது ஆறாவது பாராலிம்பிக். வயது 35.