காலங்கடந்து வரும் அழைப்பாணை

நமது கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என் இல்லத்துக்கு வந்தார். அவர் கையில் நீதவான் நீதிமன்ற அழைப்பாணையொன்று இருந்தது. பதினெட்டாம் வயதிற் கடையொன்றிற் பொருளெடுத்து ஒளித்தமைக்காகப் பொலிசார் அவரைக் கைது செய்து, வாக்குமூலம் பெற்றுப் பின்னர் விடுவித்தனர். அதன்பின் ஆறாண்டுகள் கழிந்தன. "அஃது அன்றே முடிந்ததென்றிருந்தேன், ஐயா, இப்பொழுது உத்தியோகம் கிடைக்கும் வேளையில் வந்திருக்கின்றது" என்று கலங்கினார். இவ்வையம் பிறர்க்கும் எழக்கூடுமாதலின் ஈண்டு விளக்கப் புகுந்தேன்.

கைது, குற்றச்சாட்டு, குற்றத்தீர்ப்பு என்னும் மூன்றையும் நாம் ஒருபொருட் சொற்கள் போல வழங்குகின்றோம். அவை வெவ்வேறானவை. சந்தேகத்தின் பேரிற் பிடித்தல் கைது. இன்ன குற்றம் புரிந்தாரென நீதிமன்றத்தில் முறைப்படி எடுத்துரைத்தல் குற்றச்சாட்டு. விசாரித்துத் துணிதல் குற்றத்தீர்ப்பு. கைதின்பின் வழக்கு வரவில்லையாயின், அது முடிந்துவிட்டதென்று கொள்ளலாகாது. இன்னும் தொடங்காதிருத்தலுங் கூடும்.

அவ்வாறு எத்துணைக் காலம் தொடங்காதிருக்கலாம்? இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவு இதற்கு விடை தருகின்றது. கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் கால எல்லை இல்லை. சிறப்பு விதி இல்லாத ஏனைய குற்றங்களுக்கு எல்லை 20 ஆண்டுகள். களவும் இவற்றுள் அடங்கும். இங்கிலாந்திலோ களவுக்கு இத்தகைய பொது எல்லை இல்லை. கலிபோர்ணியாவிற் சிறு களவுக்குப் பொதுவாக ஓராண்டே எல்லை. எனவே பிறநாடுகளில் வாழும் நம்மவர் ஒரு நாட்டு விதியை மற்றொரு நாட்டுக்குப் பொருத்தி ஏமாறலாகாது.

தாமதம் எதிரிக்கும் இடர் தருவது. சாட்சிகளின் நினைவு மங்கும், பற்றுச்சீட்டுகள் தொலையும். ஐக்கிய அமெரிக்காவில் 1980 இற் போதைப்பொருட் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவர், 1982 இல் நாடு திரும்பி, சொந்தப் பெயரில் ஒளிவின்றி வாழ்ந்து, 1988 இலேயே கைதானார். அரசின் கவனக்குறைவால் நேர்ந்த அத்தாமதம் விரைந்த விசாரணைக்கான அவரது உரிமையை மீறியதென 1992 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அழைப்பாணை பெற்றவர் செய்யவேண்டுவன சில உள. முதலாவது, குறித்த நாளில் நீதிமன்றுக்குச் செல்லுதல். செல்லாவிடிற் பிடியாணை பிறத்தல் கூடும். இரண்டாவது, சட்டத்தரணியை முன்னரே காணுதல். பொருள்வசதி அற்றோர் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மூன்றாவது, பழைய கடிதங்களையும் திகதிகளையும் தேடி வைத்தல். கடைக்காரரையோ சாட்சிகளையோ தாமே சென்று கண்டு பேசுதல் நன்றன்று.

குற்றம் எண்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியெனக் கருதப்படுவார் என்பது 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு உறுப்புரை 13(5) கூறும் விதி. எண்பிக்கப்படினும், வயது, முன்னொழுக்கம், குற்றத்தின் சிறுமை ஆகியவற்றை நோக்கி, குற்றத்தீர்ப்பளியாமலே எச்சரித்து விடுவிக்க மேற்கூறிய சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் அளிக்கின்றது. இளையோர்க்கு இஃது ஒரு பெருந்துணை.

இவற்றையெல்லாம் கேட்ட அம்மாணவர், அன்று மாலையே தம் தந்தையாரிடம் உண்மையைக் கூறி, மறுநாட் சட்டத்தரணியைக் கண்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் ஆறாண்டுகளாகத் தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைத்த தெளிவை அவர் முகத்திற் கண்டேன். நம்மிடம் பயின்றோர் தவறிய வேளையிலும் தயங்காது நம்மிடம் வருதல் வேண்டும். அவ்வாறு வருவோரைக் கடியாது வழிகாட்டுதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடனாகும்.