வாசலுக்கு ஒரு புங்க மரம்

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டன. ஆடிக் காற்றில் அந்த நுண்மணல் நம் வீடுகளுக்குள் வந்து படிகிறது. லைன் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை எப்படியிருக்கும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஏற்ற மரம் புங்கை. சங்கப் பாடல்களில் 'புன்கு' என்று வருவதும், கன்னடத்தில் 'ஹொங்கே' என்பதும் இதுவே. தூங்குமூஞ்சி மரம் மைதானத்துக்குச் சரி. குறுகிய வாசலுக்கு ஆகாது. குல்மொஹர் கிளை பெருங்காற்றில் முறியும். புங்கை வறட்சியைத் தாங்கும். மாசி வாக்கில் இலையுதிர்ந்தாலும் விரைவில் தளிர்த்து, கோடைக்கு நிழல் தந்துவிடும். ஒரு மரம் தூசியை நிறுத்திவிடாது. வரிசையாக நட்டால் காற்றின் வேகம் தணியும், இலையிலும் தூசி தங்கும்.

நடும் முறை எளிது. ஆவணி மழைக்கு முன் 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளியிருக்கட்டும். மேலே மின்கம்பி கூடாது. செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். மேட்டு மணல் வேண்டாம். அதில் சத்தில்லை, ஈரமும் நிற்காது. மாடுகள் இலையை விரும்பித் தின்னாவிட்டாலும் கன்றை மிதித்துவிடும், முள்வேலி கட்டுங்கள். கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் போதும். அரிசி, காய்கறி கழுவிய நீரும் ஆகும். சோப்பு நீர் வேண்டாம். வேரடியில் சருகு பரப்பினால் ஈரம் காயாது. மூன்றாம் ஆண்டிலிருந்து கீழ்க்கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழித்து, ஆள் நிற்கும் உயரத்துக்கு விடுங்கள். இலையில் கொப்புளம் போல் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது சிலந்திப் பேன் வேலை, மரம் சாகாது. விதை எண்ணெய் விளக்குக்கு உதவும்; உண்ணத் தகாதது, குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

கன்று பெரும்பாலும் நோயால் சாவதில்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் சாகிறது. விடியுமுன் பெங்களூர் ரயிலேறி இரவு திரும்புகிறவர்கள் நம்மில் பலர். ஆகவே நான்கு வீடு சேர்ந்து ஒரு கன்று நட்டு, முறை வைத்துக்கொள்ளுங்கள். 'குடியிருக்கும் வீடே நமக்கு நிலையா?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நாளை அந்த வாசலில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்கும் நிழல் வேண்டும். இந்த ஆவணிக்குள் குழியை வெட்டி வையுங்கள்.