மோன்மார்த்ர் குன்றும் சித்திரக்காரர் வாடகையும்

பாரிஸ் நகரத்தின் வடபாகத்தில் சுமார் 130 மீட்டர் உயரமுள்ள மோன்மார்த்ர் குன்றைச் சித்திரக் கலையில் அபிமானமுள்ளோர் ஒரு க்ஷேத்திரமாகவே கருதுகின்றனர். அதற்கு அம்மகிமை எவ்வாறு வந்தது? அரசாங்கத்தின் ஆதரவாலா? பிரபுக்களின் கொடையாலா? குறைந்த வாடகையே அதன் மூலகாரணம் என்று நாம் துணிந்து கூறுவோம்.

1860-ம் வருஷம் வரையில் அது நகர எல்லைக்குப் புறம்பான கிராமம். நகரத்துடன் சேர்ந்த பின்னரும் ஏழைத் தொழிலாளரே அங்கு மிகுதியாக வசித்தனர். அவர்கள் எளிதில் வணங்குவோரல்லர். 1871-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, குன்றின்மீதிருந்த தேசியக் காவற்படையின் பீரங்கிகளைக் கைப்பற்ற அரசாங்கம் துருப்புகளை ஏவியபோது, ஸ்திரீகளும் புருஷர்களும் திரண்டு தடுத்தனர். சிப்பாய்கள் ஜனங்களைச் சுட மறுத்தனர். பாரிஸ் கம்யூன் என்னும் புரட்சி அங்ஙனம் மூண்டது.

இத்தகைய ஜனங்களின் நடுவில் சித்திரக்காரர் குடியேறினர். தொழிலாளர் கூடி நடனமாடிய தோட்டத்தை 1876-ல் ரெனுவார் அழியாச் சித்திரமாக்கினார். துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகளான ஸுஸான் வலதோன், சித்திரக்காரர் முன் மாதிரியாக அமர்ந்து, அவர்கள் வரைவதைக் கண்டே கற்றுத் தாமும் புகழ்பெற்ற சித்திரக்காரியானார். 1904-ல் பிக்காஸோ குடிபுகுந்த 'பத்தோ லவுவார்' என்னும் பழைய கட்டடத்தில், குடியிருந்தோர் அனைவருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்தான். நவீன சித்திரத்தின் போக்கை மாற்றிய படம் 1907-ல் அங்கேதான் உருவாயிற்று.

புகழ் வந்தது, வாடகையும் ஏறிற்று. இன்று தெர்த்ர் சதுக்கத்தில், நகரசபையின் அனுமதி பெற்ற ஓவியர்கள், ஒரு சதுர மீட்டர் இடத்தை இருவராகப் பகிர்ந்துகொண்டு, யாத்திரிகர் முகங்களை வரைந்து பிழைக்கின்றனர். அவர்கள் உழைப்பை நாம் இகழோம். ஆயினும், கையில் காசில்லாத இளைஞனொருவன் இன்று அங்கு ஓர் அறை பிடித்தல் கூடுமோ? கலைஞனை வெளியேற்றிவிட்டு அவன் பெயரை விற்பது கலையபிமானமாகாது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. குன்றின் சரிவில் கட்டடம் எழாதபடி 1933-ல் நடப்பட்ட திராட்சைத் தோட்டம் இன்றும் ஆண்டுதோறும் பலன் தருகிறது. அடிவாரத்திலுள்ள ஓர்தனேர் வீதியில் கலைஞருக்கென்றே கட்டிய குடியிருப்பும் நிலைத்திருக்கிறது. பொதுஜனங்கள் மனம்வைத்தால் நிலத்தைக் காக்கலாம், கூரையும் அளிக்கலாம் என்பதற்கு இவையே சாட்சி.

இறந்த கலைஞனுக்குச் சிலை நாட்டுதல் எந்த ராஜ்யத்துக்கும் எளிது. உயிரோடிருப்பவனுக்கு அவன் கொடுக்கக்கூடிய வாடகையில் ஓர் அறை உண்டா என்று கேட்பதே சுதந்திர ஜனங்களின் கடமை.