‘மனிதத் தவறு’ என்றதும் முடிந்துவிடுகிறதா? அங்கேதான் இவர்களின் வேலை ஆரம்பம்

மின்தூக்கியில் நிற்கிறீர்கள். கதவு மூடப் போகிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு கையிலும் பைகளோடு ஓடி வருகிறார். சட்டென்று ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். கதவு அவர் முகத்துக்கு நேராக மூடிக்கொள்கிறது.

கதவைத் திறக்க ஒரு பொத்தான், மூட ஒரு பொத்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில். இரண்டிலும் முக்கோணங்கள். (எனக்கு இன்று வரை குழப்பம்தான்.) தவறு உங்களுடையதா, பொத்தானுடையதா?

இதைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். துறையின் பெயர் ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’, அதாவது மனிதக் காரணிகள். நாற்காலியின் உயரம், கைப்பிடியின் வடிவம் எல்லாம் இதில் அடங்கும். அதற்குள் ஒரு பிரிவு, அறிவாற்றல் பொறியியல். கருவிக்கு முன்னால் இருப்பவர் எதைப் பார்க்கிறார், என்ன புரிந்துகொள்கிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்பதே அதன் கவனம்.

எப்போது தொடங்கியது?

இரண்டாம் உலகப் போர் சமயம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கும். பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தரையில் உரச விழுந்துவிடும். விமானிகள்தான் காரணம் என்றார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் 1943இல் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரங்களுக்கான விசையும் இறக்கை மடிப்புகளுக்கான விசையும் அருகருகே, அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. களைத்துப்போன விமானி மடிப்பை மூடுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்.

சபானிஸ் யாருக்கும் மறுபயிற்சி கேட்கவில்லை. ஒரு விசையின் நுனியில் சக்கரம் போன்ற ரப்பர் துண்டு, இன்னொன்றில் ஆப்பு வடிவத் துண்டு, அவ்வளவுதான். கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துவிடும். பயணிகள் விமானங்களில் இன்றும் சக்கர விசையின் பிடி சக்கர வடிவில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

சிங்கப்பூரர்களுக்குத் தெரிந்த ஓர் இரவு

2000ஆம் ஆண்டு அக்டோபர் 31. தைப்பே விமான நிலையத்தில் சூறாவளி மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 006 விமானம் 05எல் ஓடுபாதையிலிருந்து புறப்பட வேண்டும். அதற்கு இணையாக இருந்த 05ஆர் பாதையின் ஒரு பகுதி, கட்டுமான வேலைக்காக மூடப்பட்டிருந்தது. விமானம் அந்தப் பாதையில் ஓடிக் கட்டுமானக் கருவிகள் மீது மோதியது. 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

பாதை மூடியிருந்தது விமானிகளுக்கு முன்பே தெரியும். அறையில் மூன்று விமானிகள் இருந்தார்கள். மூன்று பேருமே சரியான பாதையில்தான் இருக்கிறோம் என்று எப்படி நம்பினார்கள்?

பச்சை விளக்குகள் அவர்களை மூடிய பாதைக்குள் அழைத்துப்போயின. சரியான பாதைக்கு வழிகாட்ட வேண்டிய விளக்குகளில் ஒன்று எரியவில்லை, ஒன்று மங்கல். நுழைவாயிலில் தடுப்பு எதுவும் இல்லை. விமானி அறைக் கருவிகளோ வேறு பாதையில் நிற்பதைக் காட்டும் குறிப்புகளைத் தந்துகொண்டிருந்தன. ஆனால் கண்ணெதிரே வெளிச்சமான பாதை ஒன்று தெரியும்போது மனம் எதை நம்பும்? தைவானின் விசாரணை அறிக்கை விமானிகளின் செயலை முதன்மையாகச் சொன்னது. விமான நிலையத்தின் குறைகளுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று சிங்கப்பூர் வாதிட்டது. இந்த இரண்டு வாதங்களுக்கும் நடுவில்தான் இந்தத் துறை வேலை செய்கிறது.

சரி, தினமும் என்ன வேலை?

நிறையப் பார்ப்பது, நிறையக் கேட்பது. மருத்துவமனையில் இரவு நேரத் தாதியர் பின்னாலேயே நடந்து, மருந்து செலுத்தும் கருவியில் எத்தனை முறை எதை அழுத்துகிறார் என்று குறித்துக்கொள்வது. பாவனைக் கருவியில் ரயில் ஓட்டுநரை உட்காரவைத்து அவர் பார்வை போகும் இடத்தைப் பதிவுசெய்வது. பிறகு மாதிரித் திரை செய்து, சோதித்து, மாற்றி, மறுபடி சோதிப்பது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? நம் கடற்படையின் லிட்டோரல் மிஷன் கப்பல்களில் மாலுமி மேடை, போர்த் தகவல் நிலையம், இயந்திரக் கட்டுப்பாட்டு அறை மூன்றும் ஒரே இடத்தில் உள்ளன. அடிப்படைக் குழு 23 பேர்தான். அவ்வளவு பேர் அவ்வளவு தகவலையும் திணறாமல் கையாள வேண்டும் என்றால், எந்தத் திரையில் எது, யார் பக்கத்தில் யார் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

கஷ்டம் என்ன? பல நேரம் எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். “பட்ஜெட் முடிஞ்சிடுச்சு, நிறத்தை மட்டும் மாத்திக்கலாமா?” என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்.

உளவியல், பொறியியல், கணினி, வடிவமைப்பு என எந்தப் பக்கமிருந்தும் நுழையலாம். என்யுஎஸ்ஸில் தொழில்முறை அமைப்புப் பொறியியல் பிரிவு ஒரு வழி. உளவியல் படித்துவிட்டு முதுகலையில் திரும்புபவர்களும் உண்டு. புள்ளியியலிலிருந்து மட்டும் தப்பிக்க முடியாது. வேலை விளம்பரத்தில் ‘யூஎக்ஸ் ஆய்வாளர்’, ‘பாதுகாப்புப் பொறியாளர்’ என்றும் பெயர் இருக்கும், அதையும் சேர்த்துத் தேடுங்கள்.

வீட்டில் “டாக்டரா, எஞ்சினியரா?” என்று கேட்டால், எஞ்சினியர் என்றே சொல்லிவிடலாம். பாதி உண்மைதானே!