‘ஊடாடும் திரைப்படம்’: ஒரு பெயராய்வு

முன்னுரை

புதிய பொருள் ஒன்று தோன்றுங்கால் அதற்குப் பழைய பொருளின் பெயரையே அடைமொழி சேர்த்து வழங்குவது மக்களின் இயல்பு. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் ஆங்கிலம் பேசுவோர் அதனைக் ‘குதிரையில்லா வண்டி’ என்றனர். 1931-ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ வெளிவந்தபோது, ஊமைப்படங்களையே கண்டு பழகியிருந்த தமிழ் மக்கள் அப்புதுவரவைப் ‘பேசும்படம்’ என்றனர். நாளடைவில் வண்டியின் பெயரிலிருந்து குதிரை மறைந்தது. படத்தின் பெயரிலிருந்து ‘பேசும்’ என்னும் அடை உதிர்ந்தது. இத்தகைய பெயர்கள் புதியது பழையதினின்றும் எங்ஙனம் வேறுபடுகிறது என்பதை மட்டும் சொல்லும். புதியது தன்னளவில் யாது என்பதைச் சொல்லமாட்டா.

கதை தழுவிய வீடியோ விளையாட்டுகளை ‘ஊடாடும் திரைப்படம்’ என வழங்குவதும் இவ்வகைப் பெயரிடலே. காண்போர் உள்ளே புகுந்து செயற்படக்கூடிய திரைப்படம் என்பது இதன் பொருள். இப்பெயர் பொருந்துமா? எப்பெயரால் அழைத்தால்தான் என்ன என வினவுவாரும் உளர். ஆனால் பெயர் வெறும் ஒலியன்று. பொருளை எந்த அளவுகோலால் அளப்பது என்பதையும் அதுவே நமக்குக் கற்பிக்கிறது. திரைப்படம் என்று பெயரிட்டால் திரைப்படமாகவே அளப்போம். ஆகவே இவ்வினா ஆராயத்தக்கது.

பெயரின் வரலாறு

காண்போர் தலையிடும் திரைப்படம் என்னும் கருத்து, வீடியோ விளையாட்டுகள் பெருகுவதற்கு முன்பே தோன்றியதாகும். 1967-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய நாட்டு அரங்கில் ‘கினோஆட்டோமாட்’ என்னும் புதுமை காட்டப்பட்டது. இதனை அமைத்தவர் ராடூஸ் சிஞ்செரா. ஒவ்வோர் இருக்கையிலும் பச்சை, சிவப்பு என இரு பொத்தான்கள் இருந்தன. படம் இடையிடையே நிறுத்தப்படும். கதைத்தலைவன் அடுத்து யாது செய்தல் வேண்டும் என அவையோர் வாக்களிப்பர். பெரும்பான்மைக்கேற்பப் படம் தொடரும். எவ்வழியைத் தேர்ந்தாலும் கதை மீண்டும் ஒரே இடத்திற்கு வந்து சேருமாறு அமைக்கப்பட்டிருந்தது என்பது இதில் கருதத்தக்க செய்தி.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டிராகன்ஸ் லேர்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. டிஸ்னி நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய டான் புளூத் இதற்கு உயிரோவியங்கள் வரைந்தார். ஏறத்தாழ 22 நிமிடக் காட்சிகள் ஒளித்தகட்டில் பதிக்கப்பட்டிருந்தன. ஆடுவோர் செய்யத்தக்கது ஒன்றே: உரிய நொடியில் உரிய திசையில் விசைப்பிடியை அசைத்தல், அல்லது வாள் வீசும் பொத்தானை அழுத்தல். தவறினால் வீரன் மடியும் காட்சி தோன்றும்.

1990-களில் குறுந்தகடுகள் பரவின. நடிகர்களைப் படம்பிடித்துக் கணிப்பொறி விளையாட்டில் சேர்த்தல் இதனால் எளிதாயிற்று. 1994-இல் வெளிவந்த ‘விங் கமாண்டர்’ மூன்றாம் பகுதியில் ‘ஸ்டார் வார்ஸ்’ புகழ் மார்க் ஹாமில் நடித்தார். 1995-இல் வந்த ‘பேன்டாஸ்மகோரியா’ ஏழு தகடுகளில் அடங்கிற்று. ‘ஊடாடும் திரைப்படம்’ என்னும் தொடர் விளம்பரச் சொல்லாகப் பரவியது இக்காலத்திலேதான். உண்மையில் திரைப்படச் சுருளோடு பிறந்த ஆக்கங்களுக்கு அப்பெயர் ஓரளவு பொருந்தியது. அதனைக் கதையுள்ள விளையாட்டுகள் அனைத்திற்கும் விரித்தபோதுதான் சிக்கல் எழுந்தது.

பெயரை ஆதரிப்போர் கூற்று

ஆதரிப்போரின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இன்றைய கதை விளையாட்டுகளில் நடிகர்களின் உடலசைவும் முகக்குறிப்பும் பதிவு செய்யப்பெற்று உருவங்களுக்கு ஏற்றப்படுகின்றன. ஒளியமைப்பு, இசை, காட்சிக் கோணம் ஆகியன திரைப்படத்தினின்றும் கற்றவை. ஆடுவோர் கையை எடுத்துவிட்டு வெறுமனே காணும் இடைக்காட்சிகளும் பல உள. 2013-இல் வெளிவந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்னும் விளையாட்டு, 2023-இல் தொலைக்காட்சித் தொடராகி வரவேற்பும் பெற்றது. தொடராக மாறக்கூடியது முன்பே திரைப்படமாகத்தானே இருந்திருத்தல் வேண்டும் என்பர் இவர்.

மற்றொரு காரணமும் உண்டு. ‘விளையாட்டு’ என்னும் சொல் சிறுபிள்ளைத்தனத்தைக் குறிப்பதாகவும், ‘திரைப்படம்’ என்னும் சொல் கலை மதிப்பைத் தருவதாகவும் பலர் கருதுகின்றனர். ஆகவே உயர்ந்ததன் பெயரை இரவல் பெற்று மதிப்பைத் தேட முயல்கின்றனர்.

ஓர் உரைகல்

பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் வேண்டும். இங்கு நமக்கு உதவும் உரைகல் எளியது. ஒருவர் ஆட, மற்றொருவர் அருகிலிருந்து தொடக்கம் முதல் முடிவு வரை காண்கிறார் எனக் கொள்வோம். ஆடியவர் பெற்றதில் கண்டவர் இழந்தது யாது? இழப்புச் சிறிதெனில் அவ்வாக்கம் திரைப்படத்திற்கு அணித்தானது. ஆக்கத்தின் உயிரே இழப்பாகுமெனில் அது வேறொன்று.

‘டிராகன்ஸ் லேரை’ இக்கல்லில் உரைத்தால் இழப்பு மிகுதியன்று. புளூத்தின் ஓவிய அழகைக் காண்போரும் முழுமையாகத் துய்ப்பர். ஆடுவோரின் பதற்றம் மட்டுமே குறையும். இனி, வேறு இரண்டு ஆக்கங்களை உரைத்துப் பார்ப்போம்.

கையின் நினைவு

2013-இல் வெளிவந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ என்னும் விளையாட்டை இயக்கியவர் ஜோசப் ஃபாரஸ். லெபனானில் பிறந்து சுவீடனில் வாழ்ந்த இவர், தொழிலால் திரைப்பட இயக்குநர். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிச் செல்லும் அண்ணன் தம்பியர் கதை இது. ஆடுவோரின் இடக்கை அண்ணனை இயக்கும். வலக்கை தம்பியை இயக்கும். தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்கு நீரைக் கண்டால் அச்சம். ஆகவே நீர்நிலைகளை அவன் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டே கடப்பான். பயணம் முழுவதும் இரு கைகளும் இணைந்தே உழைக்கின்றன.

இறுதியில் அண்ணன் இறந்துபடுகிறான். அவனைத் தம்பி புதைக்கிறான். அதன்பின் ஆடுவோரின் இடக்கைக்கு வேலையில்லை. விசைப்பிடியின் ஒரு பாதி வெறுமையாகிறது. தம்பி தனியே நீரைக் கடக்க வேண்டிய இடம் வருகிறது. வலக்கை விசையை எத்துணை அழுத்தினும் அவன் நீரில் இறங்கத் துணிவதில்லை. ஆடுவோர் தயங்கி, பின் இடக்கையால் அண்ணனுக்குரிய விசையை அழுத்தும்போது, தம்பி நீந்தத் தொடங்குகிறான்.

அண்ணனின் துணிவு தம்பியுள் வாழ்கிறது என்னும் பொருளை ஆடுவோரின் இடக்கையே உணர்கிறது. அருகிலிருந்து காண்போருக்குத் திரையில் தெரிவது ஒரு சிறுவன் நீந்தும் காட்சி மட்டுமே. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதைத் திரை காட்டாது. திரைப்படக் கலையை நன்கறிந்த ஒருவரே திரைப்படத்தால் இயலாத ஒன்றை இங்கே செய்திருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாற்றவியலாக் கதை

ஊடாட்டம் என்றவுடன் கதையின் போக்கை மாற்றும் உரிமையே பலர் நினைவிற்கு வருகிறது. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில் அவ்வுரிமை அறவே இல்லை. கொடிய பூஞ்சை நோயால் உலகம் சீரழிந்த காலம். ஜோயல் என்பவன், அந்நோய் தாக்காத எல்லி என்னும் சிறுமியை நெடுந்தொலைவு காத்து அழைத்துச் செல்கிறான். மருந்து காண அவளது மூளையை அறுத்தல் வேண்டும். அறுத்தால் அவள் இறப்பாள் என்பது இறுதியில் தெரிகிறது. ஜோயல் மருத்துவமனைக்குள் புகுந்து, தடுப்போரைக் கொன்று அவளை மீட்கிறான்.

தொலைக்காட்சித் தொடரில் அறுவை மருத்துவரை ஜோயல் சுடுகிறான், நாம் காண்கிறோம், அவனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்கிறோம். விளையாட்டிலோ மருத்துவர் கையில் கத்தியுடன் வழிமறித்து நிற்கிறார். ஆடுவோர் காத்திருந்தால் கதையும் காத்திருக்கும். மருத்துவரைக் கொன்றாலன்றிக் கதை நகராது. கொல்ல விரும்பாதவரும் விசையை அழுத்தியே தீர வேண்டும். ‘ஜோயல் செய்தான்’ என்று ஒதுங்கவும் இயலாமல், ‘நான் விரும்பிச் செய்தேன்’ என்று ஏற்கவும் இயலாமல் ஆடுவோர் தவிக்கும் தவிப்பே அவ்விடத்தின் சுவை. கதை ஒன்றே, சொற்களும் ஏறத்தாழ ஒன்றே, காண்டல் வேறு, செய்தல் வேறு.

ஆகவே, தொடராக மாறியமையால் விளையாட்டு முன்பே திரைப்படமாக இருந்தது எனல் பொருந்தாது. புதினங்கள் பல திரைப்படமாயின. அதனால் புதினத்தை ‘எழுத்துத் திரைப்படம்’ என்று எவரும் அழைப்பதில்லை.

எல்லையில் நிற்பன

எல்லைக் கோட்டில் நிற்கும் ஆக்கங்களும் உள. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘பேண்டர்ஸ்னாட்ச்’ நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பெற்றது. காண்போர் சில நொடிகளுக்குள் இரண்டில் ஒன்றைத் தேர்தல் வேண்டும். முதல் தெரிவு காலையுணவு பற்றியது. இதனை ஊடாடும் திரைப்படம் எனலில் தடையில்லை. 2025-இல் அந்நிறுவனம் இதனைத் தன் தளத்தினின்றும் நீக்கிவிட்டது.

டேவிட் கேஜ் உருவாக்கி 2010-இல் வெளிவந்த ‘ஹெவி ரெயின்’ இன்னும் நுட்பமானது. முதன்மை மாந்தர் நால்வருள் எவர் இறப்பினும் கதை நில்லாது தொடரும். கேஜ் இவ்வகையை ‘ஊடாடும் நாடகம்’ என்றே அழைத்தார். இவ்வகை ஆக்கங்கள் இரு நிலங்களுக்கும் பொதுவான வரப்பில் நிற்பன. வரப்பு உண்டு என்பதனால் நிலங்கள் இரண்டல்ல என ஆகிவிடாது.

பெயரால் விளையும் பயன்

பெயர்க்குழப்பம் நடைமுறையிலும் தீங்கு விளைத்ததுண்டு. 1992-இல் வெளிவந்த ‘நைட் டிராப்’ என்னும் விளையாட்டு, 1993-இல் அமெரிக்க மேலவை விசாரணையில் கடுமையாகச் சாடப்பட்டது. இளம்பெண்ணொருத்தியை முகமூடியர் தாக்கும் காட்சி அங்கு எடுத்துக்காட்டாயிற்று. ஆனால் ஆடுவோரின் கடமை அப்பெண்களைக் காப்பதே. காக்கத் தவறியபோதே அக்காட்சி தோன்றும். துண்டுப்படத்தைக் கண்டவர்க்குத் தாக்குதல் தெரிந்தது, கடமை தெரியவில்லை. திரைப்படத்தோடு மிக நெருங்கிய ஆக்கத்தையே வெறும் படமாகக் கண்டபோது பொருள் தலைகீழாயிற்று எனில், பிறவற்றைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? வீடியோ விளையாட்டுகளில் கண்டிக்கத்தக்கன இல்லை என்பதன்று நம் கருத்து. கண்டிப்பினும் பாராட்டினும், ஆடுவோரை அது என்ன செய்யச் சொல்கிறது என்பதை அறிந்த பின்னரே செய்தல் முறையாகும். பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு கவலையுறும் பெற்றோரும் ஆசிரியரும் கேட்க வேண்டிய வினாவும் இதுவே.

மதிப்பைப் பெறுவதற்கும் இரவற்பெயர் தேவையில்லை. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றிற்குள்ள கருத்துரிமைக் காப்பு வீடியோ விளையாட்டுக்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. கதைமாந்தர், உரையாடல், இசை முதலிய பழைய வழிகளோடு, ஆடுவோர் அவ்வுலகில் செயற்படுதல் என்னும் தனக்கேயுரிய வழியாலும் அது கருத்தை உணர்த்துகிறது என நீதிமன்றம் விளக்கியது. திரைப்படத்தின் உடன்பிறப்பாக ஏற்றதேயன்றி, அதன் நிழலாக ஏற்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், படம்பிடித்த காட்சிகளுக்கிடையே வழி தேர்ந்து செல்லும் ஆக்கங்களுக்கு மட்டுமே ‘ஊடாடும் திரைப்படம்’ என்னும் பெயர் பொருந்தும் என்பதும், செய்தலையே உயிராகக் கொண்ட கதை விளையாட்டுகளுக்கு அது பொருந்தாது என்பதும் பெறப்படும்.

பின் எப்பெயர் பொருந்தும்? இதற்குத் தமிழிலேயே வழி உண்டு. ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்னும் வழக்கினால் ‘விளையாட்டு’ சற்றே எளிமைப்பட்டது உண்மை. ஆனால் ‘ஆடு’ என்னும் வினைச்சொல் அத்தகையதன்று. குழந்தை ஊஞ்சலாடுகிறது, கூத்தர் கூத்தாடுகின்றனர், இருவர் எதிரெதிர் அமர்ந்து சதுரங்கம் ஆடுகின்றனர். கரகாட்டமும் ஒயிலாட்டமும் ஆட்டங்களே. விளையாடுதல், கலை நிகழ்த்துதல் ஆகிய இரண்டையும் ஒரு வினையால் உணர்த்தும் மொழி நம்முடையது. ‘கதையாடல்’ என்னும் சொல்லைத் திறனாய்வாளர் எடுத்துரைப்பைக் குறிக்க முன்பே வழங்குகின்றனர். ஆகவே இக்கலையைக் ‘கதையாட்டம்’ எனலாம் என்பது நம் கருத்து. பேச்சுவழக்கில் அச்சொல் ‘கதை போல’ என்றும் பொருள்படும்; அப்பொருளும் இங்கு முரணாகாது.

பேசும்படம் தன் அடைமொழியை உதிர்த்துத் தனிக்கலையாய் நிமிர்ந்தது போல, இக்கலையும் இரவற்பெயரை உதிர்த்துத் தன் பெயரால் நிற்கும் நாள் வரும். அன்று அதனைத் தமிழில் ஆராயப் புகும் மாணவர், ‘கதை யாது?’ என்று மட்டும் வினவாது, ‘கதையில் ஆடுவோர் செய்வது யாது?’ என்றும் வினவுவாராக.