தரங்கம்பாடி: கைமாறிய கரை

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில். அன்று எட்ட நின்ற கடல், பிறகு ஓர் ஆள் தவழ்வதுபோல நெருங்கி வந்து, கோயிலின் முன்பகுதியைக் கல் கல்லாகக் கொண்டுபோனது. தரங்கம்பாடியில் கரை யாருக்கும் சாசுவதமில்லை.

ஆனாலும் எழுதிக்கொடுத்தவர்கள் உண்டு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னோலையில் தமிழில் கடிதம் அனுப்பினார். அவர் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அன்று துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிடும்; அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரைசேர்த்தவை உள்ளூர்ப் படகுகள். 1706-இல் மதபோதகர் சீகன்பால்கு வந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறியது. பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பேர்.

1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து இங்கே 1926-இல் வந்த ரயிலும் 1986-இல் நின்றுபோனது.

கொடிகள் மாறின, கட்டுமரம் மாறவில்லை. நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்தால் கலம். தொழில் முடிந்து வந்தால் மீனவர்கள் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார்கள். அலை மரங்களின் இடுக்கில் புகுந்து வெளியேறிவிடும், மூழ்கடிக்க அதற்கு ஒன்றுமில்லை. குடிசையும் கடலுக்கு எதிரிலேயே இருந்தது. விடியுமுன் வாசலில் நின்று காற்றையும் நீவாடு என்கிற நீரோட்டத்தையும் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்த வாசலை எடுத்துக்கொண்டது. ஊரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு என்றது அரசு. உயிர்ப் பயம் பெரிது, போனார்கள். காங்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. நிவாரணமாக பைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரம் அரிதாயிற்று. பைபர் படகு தூரம் போகும், கூடுதலாக மீன் ஏற்றும். ஆனால் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றியாக வேண்டும். மீன்பாடு இல்லாத நாளில் அந்தச் செலவே கடனாக நிற்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் ஓய்ந்து கிடக்கும். இப்போது அலைதடுப்புச் சுவரோடு மீன்பிடித் துறைமுகமும் வந்துவிட்டது. டேனிஷ்காரர்களுக்குக்கூட வாய்க்காத வசதி.

இதே ஆண்டுகளில்தான் பழைய தெருக்கள் பழுதுபார்க்கப்பட்டன. கடலோரக் கலெக்டர் பங்களா தங்கும் விடுதியாயிற்று. கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நிறைந்திருக்கும்.

இப்போது வெளியூர்க்காரர் விடுதித் தாழ்வாரத்தில் காப்பியோடு உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார். வாசலிலேயே கடலை வைத்திருந்தவரோ, உள்ளே தள்ளிய வீட்டில் கைப்பேசியில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போக பைக்கை உதைக்கிறார்.