முகம்மது அலியின் வெற்றியும் அதற்கு அவர் கொடுத்த விலையும்



சென்ற மாதம் கல்வி உதவி மனுக்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் கண்கலங்கினார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன் படிப்பை விட்டுவிட்டு, சென்னைக்குப் போய் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராகப் போகிறாராம். "முகம்மது அலி கல்லூரிக்கா போனார்?" என்று மகன் கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். ஆகவே அலியின் வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்துவிடுவோம்.

1942-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். முதற்பெயர் காசியஸ் கிளே. 12 வயதில் தன் சைக்கிள் திருடுபோனதாகப் புகார் சொல்லப் போனவர், அங்கே குத்துச்சண்டை கற்றுக்கொடுத்துவந்த ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். நம் திருத்தணி தமிழகத்தோடு இணைந்த அதே 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964-ல், 22 வயதில், சோனி லிஸ்டனை வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதன் பிறகே இஸ்லாத்தை ஏற்றதை வெளிப்படையாக அறிவித்தார்.

1967-ல் வியட்நாம் போர் நடந்தபோது, மார்க்க நம்பிக்கையைச் சொல்லி ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் வயது அது. 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. போன ஆண்டுகள் திரும்பவில்லை. ஆனாலும் 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியும், 1978-ல் லியோன் ஸ்பிங்ஸை வென்றும் பட்டத்தை மீட்டார்.

மூத்தவர்கள் சிலருக்கு 1980 நினைவிருக்கும். அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அப்போது அவர் ஓய்வு அறிவித்திருந்தார். அத்தோடு நின்றிருக்கலாம். நிறுத்திவிடும்படி எச்சரித்த அவருடைய மருத்துவர் ஃபெர்டி பாச்சேகோ, பேச்சு எடுபடாததால் 1977-லேயே விலகிவிட்டிருந்தார். ஆனால் அதே 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸுடன் மோதினார். பத்துச் சுற்று அடி வாங்கிய பின் அவர் தரப்பினரே போட்டியை நிறுத்தினர். 1981-ல் மீண்டும் ஒரு தோல்வி. 61 போட்டிகளில் 56 வெற்றி என்ற கணக்கோடு விலகினார். 1984-ல், 42 வயதில், பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய் இருப்பது தெரிந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்றிய கைகள் நடுங்கியதை உலகமே பார்த்தது. 2016-ல் காலமானார்.

கொள்கைக்காகப் பட்டத்தை இழந்தது அவருக்குப் பெருமை சேர்த்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாதது உடலைப் பறித்தது. இரண்டும் ஒரே மனிதரின் பாடங்கள். தலையில் தொடர்ந்து விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்பது மருத்துவம் உறுதியாகச் சொல்வது. அலியின் காலத்தில் தொழில்முறைப் பட்டப் போட்டி 15 சுற்று, இன்று 12. ஒலிம்பிக்கில் மூன்றே சுற்று. அந்த வழியில் வெல்வோருக்கு நம் நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் உண்டு. நிஜாமாபாத்தைச் சேர்ந்த நம் சகோதரி நிகத் ஜரீன் 2022, 2023 இரு ஆண்டுகளும் உலக சாம்பியன் ஆனார். இன்று தெலங்கானா காவல்துறையில் டி.எஸ்.பி.

அந்த மாணவரை அழைத்து இதையே சொன்னோம். குத்துச்சண்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்போடு பயிலுங்கள், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள், நிறுத்தச் சொல்பவரின் பேச்சைக் கேளுங்கள் என்றோம். பதில் சொல்லாமல் எழுந்து போனார். இந்தப் பருவத்துக்கான கட்டணத்தை அறக்கட்டளை கட்டிவிட்டது. அவருக்காக நீங்களும் துஆ செய்யுங்கள்.